பலெர்மோ: பெரிய ஸ்ட்ரைக்கரா, வெறும் அதிர்ஷ்டக்காரரா?

பத்தாம்நம்பர்:
அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கால்பந்து கிளப்புக்காக 236 கோல். அந்த கிளப்பில் வேறு யாரும் இதைத் தொட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மார்ட்டின் பலெர்மோவைப் பெரிய ஸ்ட்ரைக்கர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1999-ல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவில், அர்ஜென்டினாவுக்காக, கொலம்பியாவோடு ஒரே மேட்ச்சில் மூன்று பெனால்டி. முதலாவது மேல் கம்பியில் பட்டது, இரண்டாவது கம்பிக்கு மேலே பறந்தது, மூன்றாவதை கீப்பர் கலேரோ தடுத்தார். அர்ஜென்டினா 0-3.

கடைசிபெஞ்ச்:
இரண்டை விட்டவர் மூன்றாவதுக்கும் பந்தை வாங்கி வைத்தாரே, அந்த நெஞ்சழுத்தம் எத்தனை பேருக்கு வரும்?

பத்தாம்நம்பர்:
அதற்குப் பெயர் வீம்பு நண்பரே. பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்திருக்கலாம்.

கடைசிபெஞ்ச்:
சரி, வீம்பு என்றே வைத்துக்கொள்வோம். அதே வருடம் நவம்பரில், கோலோன் அணிக்கு எதிராக, முழங்கால் லிகமென்ட் கிழிந்த நிலையில் கோல் அடித்ததும் அந்த வீம்புதான். அப்புறம் ஆறு மாதம் ஆட்டமே இல்லை. 2000 மே மாதம், தென் அமெரிக்க கிளப்களின் கோப்பையான லிபர்டடோரஸ் காலிறுதியில், போகாவின் பரம எதிரி ரிவர் பிளேட்டுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். பாக்ஸுக்குள் பந்து கிடைத்ததும் அவர் திரும்பிய வேகத்தைப் பாருங்கள், மாட்டுவண்டி திரும்புவது போல இருக்கும். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க, பந்து வலைக்குள். அந்த 2000 நவம்பரிலேயே டோக்கியோவில் ரியல் மாட்ரிட் மீது 3-வது நிமிடம் ஒன்று, 6-வது நிமிடம் ஒன்று. போகா உலக கிளப் சாம்பியன். இவ்வளவும் அதிர்ஷ்டமா?

ஓரக்கோடு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஸ்பெயினின் வில்லாரியல் கிளப்பில் இருந்தபோது கோல் அடித்துவிட்டு ரசிகர்களிடம் ஓடியபோது சுவர் இடிந்து விழுந்து கால் முறிந்தவர் இவர். இவரையா அதிர்ஷ்டக்காரர் என்கிறீர்கள்?

பத்தாம்நம்பர்:
ஹாஹா, அது பாவம்தான். ஆனால் ஸ்பெயினில் மூன்று கிளப் மாறியும் எடுபடவில்லையே? தேசிய அணிக்கும் 15 மேட்ச்தான்.

கடைசிபெஞ்ச்:
அந்தப் பதினைந்தில் 9 கோல்! 2009-ல் கொட்டும் மழையில் பெருவுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் அடித்தது மறந்துவிட்டதா? அது இல்லாவிட்டால் உலகக் கோப்பை வாய்ப்பே ஊசலாடியிருக்கும். கோச் மரடோனா ஈரப் புல்லில் வயிற்றால் சறுக்கியது சும்மாவா? அடுத்த வருடம் உலகக் கோப்பையில் கிரீஸ் மீதும் ஒன்று, 36 வயதில்.

ஓரக்கோடு:
2011-ல் ஓய்வு பெற்றபோது போகா என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? பொம்பொனேரா மைதானத்து கோல் போஸ்ட்டையே பெயர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

பத்தாம்நம்பர்:
அந்தக் கொலம்பியா மேட்ச் மேல் கம்பியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.