ஜீப் குலுங்கினால் சிறுநீர் கசிகிறது: அம்மாவுக்கு எது பொருந்தும்?

கேள்வி (கம்பம்):
என் தாயாருக்கு வயது 56. விடியற்காலையில் ஜீப்பில் கம்பமெட்டு ஏறி, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்திற்குக் காய் எடுக்கச் செல்கிறார். இருமினாலும், மலைப்பாதையில் வண்டி குலுங்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுவதால், பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை, தொடையிடுக்கு புண்ணாகிவிட்டது. மாதவிடாய் நாப்கின் போதுமா, டயபர் வேண்டுமா?

பதில் (குமுளி, செவிலியர்):
முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். தொற்றும் எளிதில் வரும். சட்டென்று பாயும் சிறுநீரை நாப்கின் அத்தனை விரைவாக உறிஞ்சாது. சிறுநீர்க் கசிவுக்கென்றே விற்கும் பேடில் நீரைக் கூழாக்கி அடக்கும் பொருள் இருப்பதால், தோல் ஈரத்தில் ஊறாது. நடமாடுபவருக்கு உள்ளாடையில் ஒட்டும் பேடே போதும். ஒட்டுப்பட்டை டயபர் பெரும்பாலும் படுக்கையில் இருப்பவர்களுக்கானது. நனைந்ததும் மாற்ற, இரண்டு பேடுகளைப் பையில் கொடுத்தனுப்புங்கள்.

பதில் (போடி):
என் மாமியாருக்கு உள்ளாடை போல அணியும் டயபர் வகையை அளவெடுக்காமல் பெரிதாக வாங்கிவிட்டேன். தொடையோரம் இடைவெளி விழுந்து, சேலை நனைந்து அவர் அழுதுவிட்டார். இடுப்பை நாடாவால் அளந்து, உறையில் அச்சிட்ட சென்டிமீட்டருடன் ஒப்பிட்டு மாற்றிய பின்பே கசிவு நின்றது.

பதில் (குமுளி, செவிலியர்):
சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, வேளைக்கு 8 முறையாக நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்யட்டும். சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.