குடில் வேண்டாம், கேக் மட்டும் போதுமா? கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகை?

லாஸ்பேட்டை ஜோ:
வணக்கம். எங்கள் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்தில் எடுத்த ஒரு முடிவு பற்றி இங்கே இருப்பவர்களின் கருத்து வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மெயின்டனன்ஸ் பணத்தில் வாசலில் ஸ்டார் கட்டுவார்கள், மரம் வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள், ஒருவர் தாத்தா வேஷம் போட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். இயேசு தொழுவத்தில் பிறந்த காட்சியைச் சொரூபங்கள் வைத்துக் காட்டும் குடில் மட்டும் வைக்கக் கூடாதாம். "குடில் வைத்தால் மத நிகழ்ச்சி ஆகிவிடும், பொதுவாக இருக்கட்டும்" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என் மனசு ஒப்பவில்லை. இயேசு பிறந்தார் என்பதற்காகத்தான் அந்த விழாவே. அவரைக் காட்டினால் மட்டும் தகராறு என்றால் அன்றைக்கு நாம் எதைக் கொண்டாடுகிறோம்? பாண்டிச்சேரி மிஷன் வீதி சம்பா கோயில் குடிலையும், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரு இருதய ஆண்டவர் கோயில் குடிலையும் பார்க்கப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எத்தனையோ இந்துக் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் யாரும் "முதலில் சொரூபத்தை எடுங்கள், அப்புறம் வருகிறோம்" என்று சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் மதப் பண்டிகைதான், அப்படி இருந்துகொண்டே எல்லோரையும் வரவேற்கும் என்பது என் கருத்து.

கருப்புச்சட்டை:
முடிவு சரியானதுதான், தோழர். மெயின்டனன்ஸ் பணம் கடவுளை நம்புகிறவர், நம்பாதவர் எல்லோரும் கட்டுவது. அதில் ஒரு மதத்தின் வழிபாட்டுச் சின்னம் வைக்கக் கூடாது. இதைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சொல்லவில்லை, எந்தப் பண்டிகைக்கும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் முழுக்க முழுக்க மதத்திலிருந்து வந்தது என்பதே வரலாற்றுக்குப் பொருந்தாது. நான்கு நற்செய்திகளில் மத்தேயுவும் லூக்காவும் மட்டும்தான் பிறப்புக் கதையைச் சொல்கிறார்கள். இருவருமே தேதி சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான சான்று 336ஆம் ஆண்டு ரோமிலிருந்துதான் வருகிறது. மரம் ஜெர்மானிய வீடுகளிலிருந்து வந்தது. ஒவ்வொரு காலத்திலும் மக்கள் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள், வேண்டாததை விட்டார்கள். அமெரிக்காவில் 1870இல் இதை அரசு விடுமுறையாக்கினார்கள். 'மதப் பண்டிகைக்கு அரசு விடுமுறையா' என்று ஒஹாயோவில் ஒரு வழக்கறிஞர் வழக்கே போட்டார். 1999இல் அது தள்ளுபடியானது. மதம் சாராத ஒரு பொது நாளாகவும் அது ஆகிவிட்டது என்பதுதான் காரணம். மதப் பண்டிகை மட்டுமே என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் அந்த விடுமுறைக்கே நியாயம் இருக்காது.

லாஸ்பேட்டை ஜோ:
அமெரிக்க விடுமுறையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நம் வாசலுக்கு வருவோம். ஸ்டார் கட்டலாம், குடில் கூடாது என்கிறீர்கள். அந்த ஸ்டார் எங்கிருந்து வந்தது? ஞானிகளைப் பெத்லகேமுக்கு அழைத்துவந்த விண்மீன் அது, மத்தேயு இரண்டாம் அதிகாரம். தாத்தா யார்? மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ். இரண்டுமே மதத்திலிருந்து வந்தவைதான். எதற்கு முகம் தெரியாமல் போய்விட்டதோ அது பொது, எதற்கு இன்னும் முகம் இருக்கிறதோ அது மதம் என்று வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம், ஆவணி மாதம் இதே அசோசியேஷன் இதே பணத்தில் பிள்ளையார் வைத்தது. நானும் போய் நின்றேன், சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளையார் வேண்டாம், கொழுக்கட்டை மட்டும் போதும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. போட்டிருந்தால் நானே எதிர்த்திருப்பேன்.

திருப்பாப்புலியூர் சிவா:
ஜோ அண்ணே, நான் பாடலீஸ்வரர் கோயில் தெருக்காரன், சைவன். உங்கள் பக்கம்தான். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய ஊர் இது. எங்கள் விழாவில் சாமியை எடுத்துவிட்டுத் தேரை மட்டும் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்த ஊர் ஒப்புக்கொள்ளுமா? எனக்கு வேண்டாததை இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்வேன்?

குடிலுக்கு முன்னால் நிற்பதால் நான் மதம் மாறிவிட மாட்டேன். பார்ப்பது வேறு, கும்பிடுவது வேறு. எங்கள் தெருவில் தீபாவளிக்கு நாங்கள் தட்டு கொடுத்தனுப்புவோம், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கேக்கும் முறுக்கும் வரும். சில வீடுகளில் படைத்தது என்றால் வாங்க மாட்டார்கள். அவர்களுக்குப் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அவரவர் நம்பிக்கை தெரிந்திருப்பதால்தான் இப்படிப் பார்த்து நடக்க முடிகிறது.

சபை விசுவாசி:
சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதை நினைவுபடுத்துகிறேன். எங்கள் சபையில் டிசம்பர் 25 கொண்டாடுவதில்லை. கர்த்தர் தம் மரணத்தை நினைவுகூரச் சொன்னார், பிறந்தநாள் கொண்டாடச் சொல்லவில்லை. இது புதுக் கொள்கையும் இல்லை. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கை ஓங்கியிருந்தபோது 1647இல் பாராளுமன்றமே கிறிஸ்துமஸை ஒழித்தது. மாசசூசெட்ஸில் 1659இல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அவர்கள் நாத்திகர்கள் அல்ல, வேதத்தை இரவும் பகலும் வாசித்தவர்கள். ஆகவே ஸ்டாரும் மரமும் கேக்கும் உலகத்துக்கே இருக்கட்டும். அதில் இயேசுவின் பெயரைச் சேர்க்கப் போராட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

கருப்புச்சட்டை:
சகோதரர் வந்து சேரும் இடம் என்னுடைய இடம்தான், வந்த வழி வேறு. ஆனால் அபராதம் போட்டு ஒழிப்பது எனக்கு உடன்பாடில்லை. மக்கள் கொண்டாடட்டும். பொங்கலைப் பாருங்கள். மதம் கடந்த தமிழர் திருநாள் என்று நாம் வளர்த்தெடுத்ததால்தான் இன்று மாதா கோயில் வளாகத்திலும் பானை பொங்குகிறது. கிறிஸ்துமஸும் அப்படி ஆனால் யாருக்கு என்ன நட்டம்?

திருப்பாப்புலியூர் சிவா:
பொங்கலும் சாமி இல்லாத பண்டிகை இல்லை, ஐயா. எங்கள் வீட்டில் சூரியனுக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். அதில் நெல்லும் மாடும் எல்லோருக்கும் பொது, அதனால் மற்றவர்களும் அவரவர் முறையில் சேர்ந்துகொண்டார்கள். கிறிஸ்துமஸ் ஒரு குறிப்பிட்ட தாய், ஒரு குறிப்பிட்ட பிள்ளை பற்றிய நாள். அவர்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

நேரு வீதி கடை:
நான் ஸ்டாரும் சீரியல் லைட்டும் விற்கிறவன். என்னிடம் ஸ்டார் வாங்குகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. பொட்டு வைத்த அம்மாக்கள் வருவார்கள், வில்லியனூர் லூர்து மாதாவுக்கு வேண்டிக்கொண்டோம், வீட்டில் ஸ்டார் போடுகிறோம் என்பார்கள். அவர்களிடம் போய் இது மதமா பொதுவா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அந்த அம்மா கிறிஸ்தவரும் இல்லை, நம்பிக்கை இல்லாதவரும் இல்லை. இங்கே பேசுகிறவர்கள் யாரும் அவரைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

பொது கிறிஸ்துமஸ் என்றால் எப்படி இருக்கும் என்று பாண்டியில் யாரும் யோசிக்க வேண்டியதும் இல்லை. 24ஆம் தேதியிலிருந்து புத்தாண்டு வரைக்கும் வெளியூர்க் கூட்டம், ஓட்டல்களில் டிஜே, சாராயம், கடற்கரைச் சாலையில் நடக்க இடமில்லை. எனக்கு வியாபாரம் ஆகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கிறிஸ்துமஸ் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நான் இந்து.

திருப்பாப்புலியூர் சிவா:
கடை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சுனாமி வந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாலும் பூவும் விடுகிறார்கள். இந்தக் கரையில் 25ஆம் தேதியையும் 26ஆம் தேதியையும் பிரிக்க முடியாது. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ள ஒரு கோயிலில் இடம் இருக்கிறது. டிஜே மேடையில் எங்கே இருக்கிறது?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
நான் லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் தம்பி ஜோ, உங்கள் அசோசியேஷன் முடிவை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன்.

பொது இடத்தில் குடிலுக்கு இடம் கேட்டு ஜெயித்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு நகராட்சி வைத்த குடில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் குடில் ஜெயித்தது. எப்படி ஜெயித்தது? பக்கத்தில் தாத்தாவும் கலைமான்களும் மரமும் இருந்தன, மொத்தத்தில் அது விடுமுறைக்கால அலங்காரம்தான் என்பதால். பிரான்சிலும் இதே கதைதான். நகராட்சி அலுவலகங்களில் குடில் வைக்கலாமா என்ற கேள்விக்கு 2016இல் அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் பதில் சொன்னது. கொஞ்ச நாளைக்கு மட்டும், பண்பாட்டு வழக்கமாக, மதத்தை ஏற்பதாகக் காட்டாமல் என்றால் வைக்கலாம். அதாவது, இது உங்கள் விசுவாசம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே விடுகிறார்கள். அந்த இடம் எனக்கு வேண்டாம். ஆராதனையில் அது முழு அர்த்தத்தோடு இருக்கட்டும். திருவருகைக் காலம் நான்கு ஞாயிறும் காத்திருந்து, கேரல் ரவுண்ட்ஸ் போய், விடியற்காலை எழுந்து சபைக்குப் போகிறோமே, அது யாருடைய தீர்மானத்தாலும் போகாது.

வகுப்பறையிலும் எனக்கு இதே எண்ணம்தான். எல்லாப் பிள்ளைகளையும் மரியாளாகவும் சூசையாகவும் நிற்க வைப்பது சரியில்லை. விருப்பம் உள்ள பிள்ளைகள் நிற்கட்டும்.

லாஸ்பேட்டை ஜோ:
டீச்சர் அக்கா, உங்கள் வாதம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆனால் அந்த இரண்டு வழக்கும் அரசாங்கத்தைப் பற்றியவை. அரசாங்கம் எந்த மதத்தையும் தூக்கிப்பிடிக்கக் கூடாது, அதில் எனக்கும் உடன்பாடு. எங்கள் அப்பார்ட்மென்ட் அரசாங்கம் இல்லையே. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாழும் இடம். அங்கே நான் கிறிஸ்தவன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மறைக்க வேண்டியது இல்லை.

நெல்லித்தோப்பு அருள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மதப் பண்டிகையாக இருந்தால் எல்லோரையும் வரவேற்கும் என்று ஜோ எழுதியதைத் தாண்ட முடியவில்லை.

1745இல் இந்தப் பாண்டிச்சேரிக் கோயிலுக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்களான எங்கள் முன்னோரைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. அதைப் பற்றி எழுந்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் போய்விட்டது. கல்லறைத் திருநாளன்று சில ஊர்களில் போய்ப் பாருங்கள், பிரிவு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. மதம் நடத்திய கிறிஸ்துமஸில் நாங்கள் பின்வரிசை. எங்கள் தெருவில் நாங்களே ஸ்பீக்கர் கட்டி, புதுத் துணி உடுத்தி, பிரியாணி போட்டுக் கொண்டாடியதில்தான் வரிசையே இல்லை. அதை வெறும் ஆட்டம் பாட்டம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் என்றால் பட்டியல் சாதிக்கான சலுகை போய்விடும். சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் திருத்திக் கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை. அதனால் வீட்டுக்குள் ஜெபம், சான்றிதழில் வேறு என்று வாழும் குடும்பங்கள் எத்தனையோ. 'ஸ்டார் எல்லோரும்தான் கட்டுகிறார்கள்' என்று சொல்ல முடிவதால்தான் அவர்கள் பயமில்லாமல் ஒரு ஸ்டார் கட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களுடையது மட்டுமே என்று வேலி போட்டால் முதலில் மாட்டுவது அவர்கள்.

லாஸ்பேட்டை ஜோ:
அருள் அண்ணே, சுவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க முடியாது. ஆனால் எதை வைத்து அந்தச் சுவரை எதிர்த்தார்கள்? லூக்கா எழுதியதைப் பாருங்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காமல் தீவனத் தொட்டியில் கிடத்திய பிள்ளை. செய்தி முதலில் போனது குருக்களுக்கு இல்லை, ஊருக்கு வெளியே கிடை காத்த இடையர்களுக்கு. 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரெச்சோவில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டியது அந்த வறுமையைத்தான். கோயில் தப்பு செய்தபோது கோயிலைக் கேள்வி கேட்க நமக்கு இருப்பது அந்தக் குடில். அதை எடுத்துவிட்டுத் தாத்தாவை நிறுத்தினால் அவர் எந்தச் சுவரைப் பற்றியும் எதுவும் சொல்ல மாட்டார்.

நெல்லித்தோப்பு அருள்:
குடிலை நானும் எடுக்கச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பனையோலையில் நாங்களே கட்டுவோம். அதன் சாவி கோயில் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த இடையர்கள் பாதரிடம் அனுமதி வாங்கிக்கொண்டா போனார்கள்?

கருப்புச்சட்டை:
ஜோ இப்போது குடிலுக்குச் சொல்லும் நியாயம் எனக்கே பிடித்திருக்கிறது. அதைக் கூட்டத்தில் பேசுங்கள். ஆனாலும் பணத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. உங்கள் சொந்தச் செலவில், உங்கள் வீட்டு வாசலில் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை, வந்தும் பார்ப்பேன். பொதுப் பணத்தில் என்றால், எங்கள் குடியிருப்பில் இப்படி ஒரு தீர்மானம் வந்தால் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். பிள்ளையாருக்கும் தூக்குவேன்.

லாஸ்பேட்டை ஜோ:
பிள்ளையாருக்கு எதிராகக் கை தூக்காதீர்கள், தோழர். அவரும் இருக்கட்டும், குடிலும் இருக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. பணம் நானும் இன்னும் சில வீட்டுக்காரர்களும் போட்டுக்கொள்கிறோம், போர்ட்டிகோவில் ஒரு மூலை மட்டும் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கூட்டம். அருள் அண்ணே, பனையோலையில் கட்டுவது எப்படி என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட உங்கள் தெருவிலிருந்து யாராவது வர முடியுமா?