பென்ஷனை வைத்துக்கொண்டு பிலிப்பைன்ஸில் குடியேறலாமா?

மாந்தோப்பு வாத்தியார் (காவேரிப்பட்டணம்):
எல்லோருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், கைக்கு 46,000 பென்ஷன் வருகிறது. பையன் பெங்களூரில், பெண்ணை ஓசூரில் கொடுத்திருக்கிறது. வேலை வெட்டி இல்லாமல் யூடியூப் பார்த்துப் பார்த்து ஒரு ஆசை வந்துவிட்டது. அமெரிக்கத் தாத்தாக்கள் பிலிப்பைன்ஸில் கடலோரம் வீடு எடுத்துக்கொண்டு மாதம் ஆயிரம் டாலரில் ராஜா மாதிரி இருக்கிறார்கள், நாமும் போய் இருந்தால் என்ன? ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. 2025 சீசனில் பெங்களூரா காயைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிகூலிக்கே கட்டவில்லை, பாதியை மரத்திலேயே விட்டுவிட்டேன். அந்த வெறுப்பில், தோப்பை விற்றுவிட்டு அங்கே ஒரு சின்ன இடம் வாங்கலாமா என்றும் யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை அப்பா:
சார், என் பையன் பிலிப்பைன்ஸில் டவாவ் நகரத்தில் எம்பிபிஎஸ் படித்தான், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அங்கே நிறைய. நானும் வீட்டுக்காரியும் இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வந்தோம். ஊர் நல்ல ஊர், மனிதர்கள் சிரித்த முகம், இங்கிலீஷ் தெரிந்தால் போதும். ஜீப்னி என்கிற அந்த ஊர் மினி பஸ்ஸில் ஏறினால் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கை மாறி டிரைவரிடம் போய்ச் சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது, நம்ம டவுன் பஸ் ஞாபகம்தான். சந்தையில் ஒரு அம்மா கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி “மலுங்கை, மலுங்கை” என்றார், பார்த்தால் முருங்கைக்கீரை! அன்றைக்கு வீட்டுக்காரிக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. புளி போட்டு சினிகாங் என்று ஒரு குழம்பும் வைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் பன்றிக்கறியோ மீனோ கிடக்கும், சைவமாக இருப்பவர்களுக்குச் சிரமம். பால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதுதான், விலையும் அதிகம். பால்பவுடரைக் கரைத்து உறை ஊற்றிப் பார்த்தோம், ஒரு நாள் தோய்ந்தது, மறுநாள் நூல் நூலாக வந்தது.

இரண்டு மாதம் இருக்க அருமையான இடம். காலம் பூராவும் என்றால் எனக்குத் தைரியம் வராது.

கணக்குப்பிள்ளை (தருமபுரி):
வாத்தியாரே, அந்தத் தாத்தாக்கள் வாங்குவது டாலர் பென்ஷன், நீங்கள் வாங்குவது ரூபாய். அந்த ஊர்ப் பணமான பெசோ ஒன்று நம்ம காசுக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். சாதாரண அரிசியே கிலோ 40, 50 பெசோ, அதை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். கரண்ட் பில்லும் அங்கே ஜாஸ்தி, நம்மூர் மாதிரி முதல் 100 யூனிட் இலவசமெல்லாம் கிடையாது. அமெரிக்காக்காரனுக்கு மலிவாகத் தெரிவது காவேரிப்பட்டணத்துக்காரருக்கு மலிவாக இருக்கும் என்று எப்படி நினைத்தீர்கள்?

அடுத்து விசா. ஓய்வு பெற்றவர்களுக்கு எஸ்ஆர்ஆர்வி என்று தனி விசா உண்டு, கொடுப்பது அந்த நாட்டு அரசின் ஓய்வூதியர் ஆணையம். பல வருஷமாக இருந்த விதி என்னவென்றால், தம்பதி என்றால் மாதம் 1,000 டாலர் பென்ஷன் காட்டி 10,000 டாலர் டெபாசிட் கட்ட வேண்டும், அவ்வளவு பென்ஷன் இல்லாவிட்டால் டெபாசிட் 20,000. உங்கள் 46,000 ரூபாய் 1,000 டாலருக்குக் கிட்டேயே வராது, ஆக இரண்டாவது வரிசைதான். 2025-ல் டெபாசிட்டை இன்னும் கூட்டிவிட்டார்கள், ஆகவே இப்போதைய தொகையை ஆணையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஏஜெண்டு வாயை நம்பாதீர்கள்.

தோப்பு விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர் அங்கே நிலம் வாங்கவே முடியாது, அவர்கள் அரசியல் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், அதுவும் ஒரு கட்டடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வெளியாட்கள் கைக்குப் போகக் கூடாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த வெள்ளைக்காரர்கள் ஏராளம்.

பாலக்கோடு அக்கா:
அண்ணா, இவ்வளவு எழுதினீர்களே, அண்ணிக்கு விருப்பமா என்று ஒரு வரி இல்லையே? முட்டி வலி, சர்க்கரை என்று வந்தால் பென்ஷன்காரர் இன்ஷூரன்ஸ் கார்டு அங்கே எடுபடாது, எல்லாம் கைக்காசு. புயலும் வருஷத்துக்கு இருபது சுற்றுகிறதாம். டவாவ் பக்கம் புயல் குறைவுதான், ஆனால் 2025 அக்டோபரில் அந்தப் பக்கத்துக் கடலில் 7.4 அளவில் நிலநடுக்கம் வந்ததே. பேரன் பேத்திக்குக் காது குத்து என்றால் மணிலாவிலிருந்து ஓடி வருவீர்களா?

மாந்தோப்பு வாத்தியார்:
அக்கா பிடித்துவிட்டீர்கள், வீட்டில் இன்னும் சொல்லவே இல்லை. கணக்குப்பிள்ளை சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவன் நான், டாலரையும் ரூபாயையும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். சரி, குடியேறுவதை விட்டுவிடலாம். ஜனவரி, பிப்ரவரியில் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?

ஊத்தங்கரை அப்பா:
தாராளமாக. 2025 ஜூனிலிருந்து நம்மவர்கள் சுற்றிப் பார்க்க 14 நாள் விசா இல்லாமலே போகலாம், திரும்புகிற டிக்கெட்டும் தங்குமிடச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். அந்த 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது, அதற்கு மேல் வேண்டுமென்றால் இங்கேயே விசா எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். போகும்போது புளி வேண்டாம், அங்கேயே கிடைக்கிறது. ராகி மாவு இரண்டு கிலோ எடுத்துப் போங்கள், நாங்கள் ஒரு கிலோ எடுத்துப்போய்ப் பத்தாம் நாளே களிக்கு ஏங்கினோம்.

மாந்தோப்பு வாத்தியார்:
ராத்திரி சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். “முதலில் மோட்டாருக்கு ஆள் கூப்பிடுங்கள், மூன்று நாளாகத் தோப்புக்குத் தண்ணீர் விடவில்லை” என்றாள். காலையில் மெக்கானிக் வருகிறார்.