சிஆனில் மகளுக்கு ஹான்ஃபு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சீனாவில் குவாங்சோ நகரில் இருக்கிறோம், அக்டோபர் விடுமுறைக்குச் சிஆன் நகருக்குப் போகிறோம். ஒன்பது வயது மகளுக்கு அங்கே ஹான்ஃபு, அதாவது ஹான் சீனர்களின் பாரம்பரிய உடை, உடுத்தியே ஆக வேண்டுமாம். வகுப்புத் தோழிகள் உடுத்திய படங்களைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சுதான். எனக்கும் ஆசைதான். 2003-இல் செங்சோ நகரில் ஒருவர் ஹான்ஃபு உடுத்தித் தெருவில் நடந்ததே செய்தியானது. இன்று கல்லூரிப் பெண்கள் மாமியன் என்ற பழங்கால மடிப்புப் பாவாடையில் சர்வசாதாரணமாக மெட்ரோ ஏறுகிறார்கள்.

குழப்பம் என்னவென்றால், சிஆனின் பெரிய காட்டுவாத்துப் பகோடா என்ற பழைய பௌத்தக் கோபுரத்தின் பக்கம் வாடகைக் கடைகளில் தாங் அரச மரபுக் காலப் பாணிதான் அதிகம். மார்புக்கு மேலே நாடா இழுத்துக் கட்டும் நீளப் பாவாடை. ஓடியாடும் பிள்ளைக்கு நழுவாதா? பிந்தைய மிங் அரச மரபுக் காலத்து மாமியன் இடுப்பில் கட்டுவது. முன்னும் பின்னும் தட்டையாக, பக்கங்களில் மடிப்பு வைத்து, நடக்க வசதியாக இருக்கும். அதையே ஹான்ஃபு தயாரிப்புக்குப் பெயர்போன, ஷாண்டோங் மாகாணத்தின் சாவ் மாவட்டத்துக் கடைகளில் ஆன்லைனில் வாங்கிவிடலாமா? பாலியஸ்டர் அவளுக்கு அரிக்கும், பருத்தியில் சிறுவர் அளவு கிடைக்குமா?

வாடகைக்கு எடுத்தவர்கள் சொல்லுங்கள்: சிறுவர்களுக்குப் பொய்முடி வைக்காமல் சொந்த முடியிலேயே இரட்டைக் கொண்டை போட்டுவிடுவார்களா? அவசரத்தில் மேலாடையின் கழுத்துப்பட்டியைச் சரியாகக் கட்டுகிறார்களா? இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நல்ல கடை, வாடகை விவரம் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். மிக்க நன்றி.