மறு: கோடை முகாம், 18 பேர் பட்டியல்

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ச் சங்கம் பையன்களுக்கு நடத்தப்போகும் கோடைக் கால்பந்து முகாமுக்கு 18 பேரை மட்டும் எடுப்பது பற்றி மூன்று நாளாக ஓடும் மடல்களை எல்லாம் வாசித்தேன். சங்கக் கணக்கு பார்க்கும் மஸ்கட் அண்ணன் போட்ட கணக்கில் தப்பில்லை. 18 பேருக்கு ஜெர்சி, பூட்ஸ், தினம் முட்டை, பால் என்றால் சங்கத்தின் கையிருப்பு தாங்கும். பெயர் கொடுத்திருக்கும் 64 பையன்களுக்கும் என்றால் ஜூன் வருவதற்குள் கஜானா காலி. ஆனாலும் "முதல் நாளே செலக்‌ஷன் வைத்து மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்ற ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. அதற்குக் காரணம் நான் குடியிருக்கும் ஊரில் இருந்த ஒரு கிழவர். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், தெற்குக் கரோலினா மாநிலத்தின் சம்மர்வில். சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு உள்ளே தள்ளி, பைன் மரக் காட்டுக்கு நடுவில் வளர்ந்த ஊர். இன்று ஐம்பதாயிரம் பேர் இருக்கிறோம். 1950-களில் சில ஆயிரம் பேர்தான். அந்தச் சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு 1952-இல் ஜான் மெக்கிஸிக் என்ற இளைஞர் கால்பந்து கோச்சாக வந்தார். பாராசூட் படையில் இருந்துவிட்டு, கல்லூரி முடித்து, பக்கத்து மாநிலத்தின் கிளார்க்டனில் பக்கத்துக்கு ஆறு பேர் மட்டும் ஆடும் குட்டி அணி ஒன்றைப் பழக்கியவர். வந்தவர் பிறகு எங்கும் போகவில்லை. 2014 சீசன் வரை 63 சீசன், ஒரே பள்ளி. ஓய்வு பெற்றபோது வயது 88.

கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் நம்ம பந்து என்று நினைக்காதீர்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தேங்காய் போல நீண்ட பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அது. நான்கு முயற்சியில் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. முதல் வருஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதும் முக்கால்வாசிதான்.

கிழவரின் கணக்கு: 621 வெற்றி, 155 தோல்வி, 13 சமன். மாநிலப் பட்டம் பத்து. முதலாவது 1955-இல், கடைசி 1998-இல். 2012-இல் 600 வெற்றியைத் தொட்டபோது, பள்ளி, கல்லூரி, தொழில்முறை என எந்த மட்டத்திலும் அதுவரை ஒரு கோச்சும் அங்கே வந்ததில்லை. தொழில்முறையில் சிகரம் என்று சொல்லப்படும் டான் ஷூலாவுக்கு 347, கல்லூரியில் ஜான் கலியார்டிக்கு 489. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நின்றுகொண்டு இந்த இரண்டு பேரையும் தாண்டியவர் இவர்.

நான் இங்கே வந்தது 2017-இல். அவரை மைதானத்தில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2019 நவம்பர் 28, நன்றி நவிலும் நாளன்று, 93 வயதில் போய்விட்டார். பள்ளியில் அவர் இடத்துக்கு வந்தது அவருடைய பேரன் ஜோ கால். (நம்ம ஊரில் இப்படி நடந்திருந்தால் இந்தக் குழுவில் எத்தனை மடல் பறந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இங்கே அந்தப் பேரனும் அவரிடமே ஆடி, அவருக்குக் கீழேயே பழக்கியும் இருந்தார்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 621 என்ற எண்ணை இந்த ஊர்க்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு: வந்த பையன் யாரையும் அந்த மனிதர் அணியிலிருந்து கழித்ததில்லை. குட்டை, நெட்டை, ஓடத் தெரியாதவன், பந்தைக் கண்டாலே கண்ணை மூடுகிறவன், யாராக இருந்தாலும் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தால் அவனுக்குச் சீருடை உண்டு. ஆடுவானா என்பது அடுத்த கேள்வி.

போன மாதம் டயர் மாற்ற ஒரு கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம், ஓரத்தில் மையால் 1967 என்று எழுதியிருந்தது. மூன்று வரிசைப் பையன்கள். கடைக்காரர் எழுபத்தைந்தை நெருங்குகிறவர், ஒரு காது கேட்காது. கிரீஸ் அப்பிய விரலால், பின் வரிசையில் முன்னால் நிற்பவனின் தோள் மறைத்துப் பாதி முகம் மட்டும் தெரிகிற ஒருவனைக் காட்டி, "நான்தான்" என்றார். நான்கு வருஷத்தில் எத்தனை ஆட்டம் இறங்கினீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஒரு கையே போதுமாக இருந்தது. மகனும் அதே கிழவரிடம், பேரனும் அதே கிழவரிடம். "பேரன் நல்லா ஆடுவான்," என்றார், தனக்கும் அதில் பங்கு இருப்பது போல. டயருக்குச் சல்லிக்காசு குறைக்கவில்லை, அது வேறு.

அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். அத்தனை முகமும் வெள்ளை. யாரையும் கழிக்காத கோச்சின் மைதானத்தில் ஊரின் ஒரு பகுதி வாசலிலேயே கழிக்கப்பட்டிருந்தது. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் போன வழக்குகளில் ஒன்று இதே மாநிலத்தின் கிளாரண்டன் கவுண்டியிலிருந்து போனது. அப்படியும் தெற்குக் கரோலினாவில் பள்ளிகள் முழுமையாக ஒன்றானது 1970 வாக்கில்தான். அது கோச் போட்ட விதி இல்லை, அரசாங்கம் போட்டது. ஆனால் "எல்லாருக்கும் இடம்" என்று பெருமை பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசினால் பொய்யாகிவிடும்.

வாசல் திறந்த பிறகு வந்தவர்களைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் ஜென்னிங்ஸ் இந்தப் பள்ளிப் பையன். 1989 சூப்பர் பவுலில், அதாவது தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டியில், சின்சினாட்டி அணிக்காக 93 கெஜம் ஒரே மூச்சில் ஓடிப் புள்ளி எடுத்தவர். அப்புறம் ஏ. ஜே. கிரீன். 2011-இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது நாடு முழுவதிலும் நான்காவதாக எடுக்கப்பட்டவர், அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஆடவிடும் ப்ரோ பவுலுக்கு முதல் ஏழு வருஷமும் தேர்வானவர். இரண்டு பேரும் கறுப்பினத்தவர். பத்து வருஷம் முன்னால் பிறந்திருந்தால் ஜென்னிங்ஸுக்கு இந்த வாசல் திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும்: அங்கே பணம் இருக்கிறது, நம்மிடம் இருக்கிறதா? அதோடு ஆட்டமும் வேறு. தாக்க ஒரு குழு, தடுக்க ஒரு குழு, உதைக்க ஒரு குழு என்று இங்கே ஆளுக்கொரு வேலை உண்டு. ஓட முடியாத குண்டுப் பையன்தான் முன்வரிசையில் தங்கம். பெரிய அணிக்குக் கீழே சின்ன அணிகளும் உண்டு, அவற்றுக்குத் தனி ஆட்டங்கள் உண்டு. நம்ம பந்தில் 11 பேர் போக மற்றவன் பெஞ்சில் உட்காருவான். ஒப்புக்கொள்கிறேன். மெக்கிஸிக் செய்ததை அப்படியே பெயர்த்து நம்ம கோயில் மைதானத்தில் நட முடியாது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அவரிடமும் வடிகட்டல் இல்லாமல் இல்லை. ஆகஸ்ட் மாதம் இங்கே வெயில் 35 டிகிரி, காற்றில் அப்படியே ஈரம் நிற்கும், நம்ம கடற்கரைப் புழுக்கம்தான். அதில் ஹெல்மெட்டும் கவசமும் மாட்டிக்கொண்டு பயிற்சி. முடியாதவன் தானாக நின்றுகொள்வான். பட்டியலை வாசித்து ஒருவனை அனுப்புவதும், அவனாக யோசித்து நிற்பதும் ஒன்றில்லை.

எனக்கு இது தெரியும் என்பதால் சொல்கிறேன். எட்டாவது படிக்கும்போது எங்களை வரிசையில் நிறுத்தி ஓடவிட்டு, ஒரு தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தார்கள். என் பெயர் இல்லை. மறுநாளிலிருந்து எனக்கு கோல் போஸ்டுக்குப் பின்னால் தாழைப் புதரில் விழும் பந்தை எடுத்துப்போடும் வேலை. கையெல்லாம் முள் கீறி, ஆறு மாதம் செய்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் திருவிழா செவன்ஸ் நடக்கும்போதுகூட ஊர் முழுக்கக் கூச்சல் கேட்கும், நான் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருப்பேன். யார் மேலும் இப்போது கோபமில்லை. ஆனால் சங்கம் பந்துக்குப் பணம் கேட்டபோதெல்லாம் இருபது வருஷம் நான் கொடுக்கவில்லை என்பதை மஸ்கட் அண்ணன் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை இங்கே வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்குப் போனபோது, பக்கக்கோட்டில் பச்சைச் சட்டையில் நிற்கும் பையன்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அத்தனை பேர். ஆடியவர்கள் சிலர். மற்றவர்களின் அப்பா அம்மாவும் வந்து, மகன் இறங்காத ஆட்டத்துக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலில் வேகவைத்த நிலக்கடலை விற்றார்கள், தோலோடு, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட. இந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வத் தின்பண்டமே அதுதான், சட்டம் போட்டு அறிவித்திருக்கிறார்கள். அந்த ஒரு பொட்டலத்துக்காகவே எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது.

மைதானத்துக்குக் கிழவரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே டிக்கெட் கிழித்தவரும், சுண்ணாம்புக் கோடு போட்டவரும், கடலை விற்ற அம்மாளின் கணவரும் பழைய ஆட்டக்காரர்களாம். "ஆட்டக்காரர்" என்றால் இந்த ஊரில் களத்தில் இறங்கியவர் என்று அர்த்தமில்லை.

எனவே என் யோசனை. முதல் நாள் செலக்‌ஷன் வேண்டாம். இரண்டு வாரம் 64 பேரும் வரட்டும், ஜெர்சியும் பூட்ஸும் இல்லாமல், வெறுங்காலில் மணலில். நாம் எல்லாம் அப்படித்தான் பழகினோம். அதுவரை தாக்குப்பிடித்தவர்களை நான்கு அணியாகப் பிரித்து தங்களுக்குள் ஆடவிடலாம். திருவிழா டோர்னமென்ட்டுக்கு 18 பேரை அதற்கப்புறம் எடுங்கள், பூட்ஸ் அவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அதே நிற பனியனோடு கோட்டோரம் நிற்கட்டும். கூடுதலாகும் முட்டைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாலுக்கு குவைத் தம்பிமார் யாராவது கை கொடுத்தால் நல்லது.

சனிக்கிழமை அழைப்பில் பேசுவோம். ஊர் நேரம் இரவு எட்டு என்று வைத்தால் எனக்குக் காலை பத்தரை, தோதாக இருக்கும். ஒன்பதுக்கு மேல் தள்ளாதீர்கள், சிங்கப்பூர்க்காரர்கள் பாதியில் தூங்கிவிடுகிறார்கள்.

அன்புடன்,
சம்மர்வில்லிலிருந்து உங்கள் தம்பி