டிராஃபிக்ல நின்னா பைக் காலை வேக வைக்குது, இது நார்மலா?

ஹாஃப்கிளட்ச்:
எல்லாருக்கும் வணக்கம். 400 சிசி பக்கம் வர்ற சிங்கிள் சிலிண்டர் லிக்விட் கூல்டு பைக், வாங்கி ரெண்டு வருஷம் முடியப்போகுது. மழைக்காலத்துல தங்கமா ஓடுச்சு. இப்ப வெயில் ஏறினதுல இருந்து சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது நத்தை மாதிரி நகர்ற டிராஃபிக்ல மாட்டினா போதும், அஞ்சே நிமிஷத்துல டெம்பரேச்சர் கோடு ஒண்ணொண்ணா ஏறி கடைசிக்கு முந்தின கோட்டுல போய் நிக்குது, ஃபேன் ஆன் ஆகி "ஊஊஊ"ன்னு கத்த ஆரம்பிச்சா அப்புறம் நிக்கவே மாட்டேங்குது, அந்த அனல் அப்படியே முட்டிக்குக் கீழ வந்து அடிக்குது. நேத்து வீட்டுக்கு வந்து ஜீன்ஸ கழட்டிப் பாத்தா கால் உள்பக்கம் செவந்து கிடக்கு. சர்வீஸ்ல கேட்டா "பெரிய பைக்னா அப்படித்தான் சார்"னு சிரிச்சுட்டே அனுப்பிட்டாங்க.

ரெண்டு கேள்வி. இதனால இன்ஜினுக்கு ஏதாச்சும் ஆயிடுமா? என் காலுக்கு என்ன வழி?

பழைய_செயின்:
பைக் வாங்கும்போது பவர் எவ்வளவுன்னு கேட்டோம், மைலேஜ் எவ்வளவுன்னு கேட்டோம், அடுப்பு கூட சேர்த்துத் தருவாங்களான்னு யாருமே கேக்கல பாருங்க 😂 குளிர்காலத்துல இதே அனலுக்காக இன்ஜினைத் தடவிக் கொடுப்பீங்க, கவலைப்படாதீங்க.

ஸ்பேனர்12:
நண்பா, ஃபேன் ஓடுறது கோளாறு இல்ல, ஓடலன்னாதான் பயப்படணும். பொதுவா கூலன்ட், அதான் இன்ஜினைச் சுத்தி ஓடி சூட்டை எடுக்கிற திரவம், 100 டிகிரி பக்கம் வந்ததும் ஃபேன் போடுற மாதிரிதான் வச்சிருப்பாங்க. 100ன்னதும் தண்ணி கொதிச்சிருமேன்னு நினைக்காதீங்க, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், அது மேல மூடி பிடிச்சு வச்சிருக்கிற பிரஷர், ரெண்டும் சேர்ந்தா 120ஐத் தாண்டித்தான் கொதிக்கும். அதனால சிவப்பு லைட் எரியாத வரைக்கும் இன்ஜின் பாதுகாப்பாத்தான் இருக்கு.

ஆனா நீங்க எழுதினதுல ஒண்ணு இடிக்குது. "நிக்கவே மாட்டேங்குது"ன்னீங்க பாருங்க, அது. நல்லா இருக்கிற பைக்ல ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி, சூட்டை இறக்கி, நின்னு, மறுபடி ஓடும். நிக்காம ஓடுதுன்னா, கூலன்ட்டை ஆறவைக்கிற அந்த ரேடியேட்டர் வழியா காத்து சரியா போகலன்னு அர்த்தம், இல்ல கூலன்ட் கம்மி. முதல்ல கூலன்ட்டோட ரிசர்வ் டேங்க்ல (பெட்ரோல் இல்ல) அளவு ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கான்னு பாருங்க, வண்டி ஆறினப்புறம், வண்டியை நேரா நிமித்தி வச்சு. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கையே வைக்கக்கூடாது, திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சியில பீச்சும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கை வெந்துபோச்சு. குறைஞ்சிருந்தா குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படியும், உள்ள துரு பிடிக்கும். கூலன்ட் மாத்தி எவ்வளவு நாள் ஆச்சுன்னும் பாருங்க, நிறைய பைக்ல ரெண்டு வருஷம்தான் கணக்கு.

அடுத்து டார்ச் அடிச்சு ரேடியேட்டர் இடுக்குல பாருங்க, பூச்சி, சேறு அடைச்சிருக்கும். மெதுவா தண்ணி விட்டுக் கழுவணும். வாட்டர்வாஷ்ல அந்தப் பிரஷர் கன்னைக் கிட்ட வச்சு அடிச்சா தகடு எல்லாம் மடங்கிப் போயிரும், அப்புறம் சுத்தமா காத்து போகாது.

ஹாஃப்கிளட்ச்:
அண்ணே நன்றி. வெளியில பாத்தா சுத்தமாத்தான் தெரியுது, முன்னாடி கிரில் கார்டு ஒண்ணு போட்டிருக்கேன், கல்லு அடிக்காம இருக்கட்டும்னு. நாளைக்கு கழட்டிப் பாக்குறேன். சிக்னல்ல இன்ஜினை ஆஃப் பண்ணா நல்லதா?

காத்துவாங்கி:
ஆஃப் பண்ணாதீங்க ப்ரோ, ஆஃப் பண்ணா வாட்டர் பம்ப் நின்னுரும், சூடு உள்ளேயே தங்கி இன்னும் ஏறும்.

ஸ்பேனர்12:
பாதி சரி. பம்ப் நிக்கும், கொஞ்ச நேரத்துக்கு மீட்டர்ல ரெண்டு டிகிரி கூடவும் காட்டும். ஆனா பெட்ரோலே எரியாதப்போ புதுசா சூடு எங்கருந்து வரும்? பத்து பதினஞ்சு செகண்ட் நிக்கிறதுக்கு வேணாம், ஒரு நிமிஷம் நிக்கணும்னா தாராளமா ஆஃப் பண்ணுங்க. சிவப்பு லைட் வந்துட்டா யோசிக்கவே வேணாம், ஓரங்கட்டி ஆஃப்.

அதைவிட முக்கியம், உங்க பேர்லயே இருக்கு, ஹாஃப் கிளட்ச் 😄 ஊர்ந்து போகும்போது கிளட்சைப் பாதி பிடிச்சு ஆக்சிலரேட்டரை முறுக்கிட்டே போனா கிளட்ச் பிளேட் உரசுற சூடும் ஆயில்லதான் போய்ச் சேரும். முன்னாடி வண்டி நகர்ந்ததும் ஒட்டிட்டே போகாம கொஞ்சம் இடம் விட்டு, ஒரே தடவையா கிளட்சை முழுசா விட்டுப் போங்க, அப்புறம் நியூட்ரல்.

பழைய_செயின்:
என்னோடது ஏர் கூல்டு, எனக்கு ஃபேனும் இல்ல மீட்டரும் இல்ல. வண்டி ஓடினாத்தான் காத்து, நின்னா ஒண்ணும் இல்ல. ரொம்ப சூடானா கியர் விழுறது கரகரன்னு ஆகும், நியூட்ரல் கிடைக்காது, அதுதான் எனக்கு மீட்டர், ஓரமா நிழல்ல பத்து நிமிஷம் போட்டுருவேன். ஆயில் அளவு மட்டும் குறையவிட மாட்டேன், இந்த மாதிரி இன்ஜினுக்கு ஆயில்தான் பாதி கூலன்ட். கெட்டியா இருந்தா நல்லதுன்னு கண்டதை ஊத்தாதீங்க, மேனுவல்ல போட்டிருக்கிற கிரேடு போதும், கார் ஆயிலை ஊத்தி கிளட்ச் வழுக்கினவங்க கதை நிறைய இருக்கு.

காத்துவாங்கி:
சரி சரி ஒத்துக்கிறேன். காலுக்கு நான் சொல்றேன், இதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. ஜீன்ஸ் உக்காந்தா தோலோட ஒட்டிக்கும், அதான் சுடுது. கொஞ்சம் லூசா, முட்டிக்குக் கீழ இன்னொரு லேயர் இருக்கிற ரைடிங் பேண்ட் போட்டா நடுவுல காத்து நிக்கும், சூடு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. கணுக்கால் மூடுற ஷூ போடுங்க. நைலான் டிராக் பேண்ட் மட்டும் வேணவே வேணாம், பெண்ட் பைப்ல, அதான் இன்ஜின்ல இருந்து வளைஞ்சு வர்ற புகைக் குழாய்ல, பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். பைப்பைச் சுத்தி துணி மாதிரி ஹீட் ராப் சுத்துவாங்க, சூடு குறையும்தான், ஆனா மழைத் தண்ணியை ஊறவச்சு பைப்பைத் துரு பிடிக்க வச்சுரும், நான் சுத்திக் கழட்டினவன்.

இன்னொண்ணு, வெயிலுக்கு அரைக்கை சட்டையில போறது சுகம்னு நினைக்கிறாங்க. வெளிக்காத்து நம்ம தோலைவிட சூடா இருக்கும்போது அது நம்மளைக் குளிர வைக்காது, சூடேத்தும், வேர்வையையும் உறிஞ்சிரும். மெஷ் ஜாக்கெட், உள்ள நனைச்ச காட்டன் பனியன், இதுதான் என் ஏசி, ஆனா வண்டி நகர்ந்தாத்தான் வேலை செய்யும். தலை சுத்துது, குமட்டுது, சிக்னல் விழுந்தும் மண்டைக்கு உறைக்கலன்னா அப்புறம் ஒரு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டாதீங்க. நான் அப்படி ஓட்டி நிக்கிற வண்டியோட பம்பர்ல போய் முட்டினேன்.

ஹாஃப்கிளட்ச்:
அண்ணே கார்டைக் கழட்டினேன். வெட்கமா இருக்கு சொல்ல. கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சேறு, காஞ்ச இலை, ஒரு பாலித்தீன் துண்டு, எல்லாம் அடைச்சு கீழ்ப்பாதி சுத்தமா மூடியிருக்கு. கூலன்ட்டும் கீழ்க்கோட்டுக்குக் கீழ. கழுவி, கூலன்ட் மாத்தி, கார்டு போடாமயே இன்னைக்கு அதே டிராஃபிக்ல வந்தேன், ஃபேன் ஓடிச்சு, நின்னுச்சு, மறுபடி ஓடிச்சு. கால் இன்னும் சுடத்தான் செய்யுது, பேண்ட் பாக்கணும்.

ஸ்பேனர்12:
ஒரு வாரம் தினமும் காலையில ஆறின வண்டியில கோடு பாருங்க. மறுபடி இறங்கினா எங்கயோ கசியுது, கூலன்ட் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கிற ஹோஸ் கிளாம்ப்ல இருந்து ஆரம்பிங்க. கல்லு அடிக்குற ரோடுன்னா கண்ணு பெருசா இருக்கிற கார்டா போடுங்க, மாசம் ஒருதடவை கழட்டிக் கழுவணும்.