புதுப்பிப்பு: பழைய வீட்டில் ஜெனரேட்டர் பொருத்தியாயிற்று

நெருக்கமான பழைய குடியிருப்பில் ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பக்கவாட்டுச் சந்தில் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது என்பதாலும், அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சன்னல் அந்தச் சந்தை நோக்கியே திறப்பதாலும், இயந்திரம் இப்போது பின்முற்றத்துக் கான்கிரீட் மேடையில் நிற்கிறது.

எதிர்பாராத வேலை வயரிங்கில் வந்தது: மெயின் பெட்டியைத் திறந்தபோது, பழைய கம்பிகளின் ரப்பர் உறை விரல் பட்டதுமே பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவற்றை மாற்றிய பிறகுதான், ஜெனரேட்டர் மின்சாரம் தெருக் கம்பிக்குள் திரும்பிப் பாய்ந்து அங்கே பழுதுபார்ப்பவரின் உயிரைப் பறித்துவிடாமல் தடுக்கும் தானியங்கி மாற்று சுவிட்சைப் பொருத்த முடிந்தது.

ஏசி கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் அதை இணைக்கவில்லை. வீட்டில் இதற்கு மட்டும் எதிர்ப்பு நீடிக்கிறது.